தேரிக்காட்டுக்குள் ஓடும் ஜீப்புக்கு டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா?

திசையன்விளைப் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய மகேந்திரா ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறார், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, 6.00-16 நைலான் டயர், உள்ளே டியூப். தோட்டம் தேரிக்குள் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் கடைசிவரை செம்மணல்தான், இரண்டு பக்கமும் உடைமரமும் பனையும். "வண்டி தோட்டத்தில் நிற்பதைவிட பஞ்சர் கடையில் நிற்பதுதான் அதிகம் அண்ணாச்சி, டிஸ்க்கோடு (டயர் உட்காருகிற இரும்புச் சக்கரம்) சேர்த்து மாற்றி டியூப்லெஸ் போட்டுவிடவா? காட்டுக்கு டியூப்தான் லாயக்கு, டியூப்லெஸ் எல்லாம் நாற்கரச் சாலைக்கு என்று பஞ்சர் கடைக்காரர் அடித்துச் சொல்கிறாரே" என்பது கேள்வி. வீட்டில் ஒரு எக்ஸ்பல்ஸ் பைக்கும் நிற்கிறதாம், அதையும் டியூப்லெஸ் ஆக்கலாமா என்று கூடவே ஒரு வால் கேள்வி.

முதலில் பதில்: ஜீப்பை மாற்றுங்கள். பைக்கை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு மாஞ்சோலைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவரோ, ராதாபுரத்தில் கல்குவாரிக்குப் போய்வருகிறவரோ கண்ணை மூடிக்கொண்டு டிஸ்க்கை மாற்றிவிடக் கூடாது. நம்ம ஜில்லாவில் மண் இருபது மைலுக்கு ஒரு தடவை மாறுகிறது. கேள்விக்குப் பதில் டயரில் பாதி இருக்கிறது என்றால் மீதி அது ஓடுகிற தரையில் இருக்கிறது.

டியூப் டயரில் காற்றைப் பிடிப்பது டியூப். டயர் அதற்கு வெளிச்சட்டை, அவ்வளவுதான். டியூப்லெஸ்ஸில் டயரின் உள்பக்கமே காற்று கசியாத பியூட்டைல் வகை ரப்பரால் பூசப்பட்டிருக்கும். டயரின் விளிம்பு, அதாவது பீடு, தூக்குச்சட்டி மூடி மாதிரி டிஸ்க்கின் ஓரத்தில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அந்த டிஸ்க்கில் பீடு உள்ளே சரிந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன மேடு சுற்றிலும் ஓடும். இந்த மேடு முக்கியம், பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன். சமாச்சாரம் ஒன்றும் புதுசு இல்லை, அமெரிக்காவில் 1950களின் நடுவிலேயே கார்களில் வந்துவிட்டது. நம் பக்கம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

சரி, முள்ளைப் பார்ப்போம், ஏனென்றால் தேரியில் உங்கள் எதிரி அதுதான். உடைமுள் வெள்ளை வெளேரென்று நீளமாக, ஊசி மாதிரி நேராக இருக்கும். சீமைக்கருவேல முள்ளும் சாமானியப்பட்டது இல்லை. அதிலும் பச்சை முள்ளைவிட காய்ந்த முள்தான் மோசம். வேலி அடைக்க முள்ளை வெட்டி இழுத்துப்போன தடம், கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப்போன தடம், இதிலெல்லாம் ஒடிந்த முள் மணலுக்குள் புதைந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. டியூப் டயரில் இந்த முள் குத்தினால் டியூபில் ஓட்டை விழுந்ததும் காற்று டியூபுக்கும் டயருக்கும் இடையில் வந்து, வால்வு துவாரம் வழியாகவும் டிஸ்க் ஓரம் வழியாகவும் வெளியேறிவிடும். கொஞ்ச தூரத்தில் டயர் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த டயரோடு மணலில் நாலு அடி உருட்டினால் டியூப் மடங்கிக் கிழியும். ஒரு ஒட்டோடு போகவேண்டியது புது டியூப் செலவாக முடியும்.

அதோடு விடுமா என்றால் விடாது. முள் டயருக்குள்ளேயே ஒடிந்து தங்கிவிடும். கடையில் பையன் டியூபுக்கு ஒட்டு போட்டு, டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் மாட்டிக்கொடுத்துவிட்டால், இரண்டு நாளில் அதே முள் அதே இடத்தில் மறுபடி குத்தும். நீங்கள் பஞ்சர் கடையிலேயே குடியிருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். வெறும் விரலால் தடவினாலும் கிழிக்கும். ஒரு பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்ளே சுற்றிலும் தேய்க்கச் சொல்லுங்கள், முள்முனை இருந்தால் நூல் மாட்டும். டயரை மாற்றுகிறீர்களோ இல்லையோ, நாளைக்கே இதைச் செய்யுங்கள்.

டியூப்லெஸ்ஸில் அதே முள் குத்தினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அல்லது மெதுவாக ஆகும். உள்ளே இருக்கும் ரப்பர் முள்ளைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும், முள்ளே அடைப்பாக நின்றுவிடும். காலையில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்த காற்று மறுநாள் 22 ஆகியிருக்கும், அதற்குமேல் இல்லை. பிடுங்காமல் அப்படியே வீடு வந்து சேர்ந்து, சாவகாசமாகப் பார்க்கலாம். மெல்லிய முள்ளாக இருந்தால் குத்தினது தெரியாமலே தேய்ந்துபோகும். கம்பெனிக்காரர்கள் டியூப்லெஸ்ஸின் பெருமையாகச் சொல்வது நாற்கரச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் டயர் திடீரென்று உட்காராது என்பதை. தேரிக்காரருக்கு அது கணக்கே இல்லை. இந்த முள் விஷயம்தான் கணக்கு.

இன்னொன்று பாருங்கள். முதல் பஞ்சருக்கு ஸ்டெப்னி இருக்கிறது. டியூபோ டியூப்லெஸ்ஸோ, ஜாக்கியை வைத்து ஐந்து நட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். டியூபா டியூப்லெஸ்ஸா என்ற கேள்வி உண்மையில் இரண்டாவது பஞ்சரில்தான் வருகிறது. முள்ளுக்காட்டில் ஒன்றோடு நிற்பதில்லை. ஒரே தடத்தில் இரண்டு சக்கரமும் ஏறியிருக்கும். டியூப் என்றால் அந்த மணலில் சக்கரத்தைக் கழற்றி, பீடை இளக்கி, லீவர் போட்டு நெம்பி, டியூபை உருவி, ஓட்டையைத் தேடி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் போட்டுக் காயவைத்து, ஒட்டி, மறுபடி மாட்டி, அந்த நேரத்தில் லீவர் டியூபைக் கடிக்காமல் பார்த்து, கைப்பம்பில் மூச்சு வாங்க அடித்து... வெயில் ஏறினபிறகு தேரியில் நின்று இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். டியூப்லெஸ்ஸில் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். முள்ளையோ ஆணியையோ பிடுங்கி, குடைகிற ஊசியால் ஓட்டையைச் சுத்தம் செய்து, ஸ்ட்ரிப்பை (ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரி) சொருகி, காற்று அடித்தால் முடிந்தது.

பஞ்சர் கடைக்காரர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம், அவரிடம் நியாயம் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றால் கல்லில். கூரான கல் டயரின் பக்கவாட்டில் கிழித்துவிட்டால் டியூப்லெஸ்ஸின் ஸ்ட்ரிப் அங்கே நிற்காது. பக்கவாட்டுச் சுவர் ஓடும்போது மடங்கி விரிந்துகொண்டே இருப்பதால் சொருகினது பிய்த்துக்கொண்டு வரும். டியூப் டயர் என்றால் கிழிசலுக்கு உள்பக்கமாக ஒரு பழைய டயர்த் துண்டை அண்டக்கொடுத்து, ஒட்டுப்போட்ட டியூபை வைத்து, ஊர் வந்து சேர்ந்துவிடலாம். அதேபோல டிஸ்க்கின் ஓரம் கல்லில் மோதி நசுங்கினாலும் டியூப் டயருக்குக் கவலை இல்லை, காற்று டியூபுக்குள் இருக்கிறது. டியூப்லெஸ்ஸுக்கு அந்த ஓரம்தான் உயிர். நசுங்கினால் பீடு உட்காராது, காற்று நிற்காது. இரும்பு டிஸ்க் என்றால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், அலாய் என்றால் விரிசல் விட்டுவிடும், அங்கேயே கதை முடிந்தது.

அதனால் மலைப்பாதை, கல்குவாரி, பணகுடி காவல்கிணறு பக்கம் காற்றாலைக்குப் போகிற சரளைக்கல் தடங்களில் தினமும் ஓடுகிறவருக்கு நான் இவ்வளவு தைரியமாக டியூப்லெஸ் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் இரும்பு டிஸ்க், பக்கவாட்டுச் சுவர் தடிமனான, எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர், இரண்டு ஸ்டெப்னி என்று நிபந்தனை போட்டுத்தான் சொல்வேன். மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலை ஏறுகிற பாதையோ புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் முடியாது, உள்ளே வண்டி நின்றுவிட்டால் கூப்பிட ஆளும் கிடையாது. அங்கெல்லாம் எது எளிதில் கெடாது என்பதைவிட, கெட்டால் நம் கையால் சரிபண்ண முடிவது எது என்று பார்க்கிறவர்கள் இன்னும் டியூபிலேயே இருக்கிறார்கள். தப்பு இல்லை.

கடைக்காரர் பக்கம் இன்னொரு பலமான நியாயமும் உண்டு, அதை அவர் உங்களிடம் சொன்னாரோ என்னவோ. 6.00-16 என்பது நம் ஊர் டிராக்டர்கள் பலவற்றின் முன்சக்கர அளவும்கூட. அதனால் சாத்தான்குளம் ஆகட்டும், இட்டமொழி ஆகட்டும், எந்தப் பஞ்சர் கடையிலும் அந்த டியூப் தொங்கும். அதற்காக டிராக்டர் முன்டயரையே வாங்கி ஜீப்பில் மாட்டிவிடாதீர்கள், சில பேர் செய்கிறார்கள். அது மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்குமேல் ஓடுவதற்குச் செய்த டயர் இல்லை. நெடுநெடு என்று ஓடும் வரிப்பட்டைகள் உழவில் வண்டியைத் திருப்பத்தான் உதவும், மணலில் இழுக்க உதவாது.

இப்போது காற்றுக்கு வருகிறேன். தேரியில் வண்டி புதைவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் டயரின் வகை இல்லை, அதற்குள் இருக்கும் காற்றுதான். தார் ரோட்டில் 28, 30 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற அதே காற்றோடு மணலில் இறங்கினால் டயர் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போகும், பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி தோண்டும், அச்சு மணலில் உட்காரும். இறங்குவதற்கு முன்னால் நிறுத்தி 18க்கு இறக்குங்கள். பொடிமணல் என்றால் 15. டயர் தரையில் படுகிற இடம் நீளவாட்டில் கூடும். பலர் நினைப்பதுபோல அகலத்தில் அதிகம் கூடாது, முன்னும் பின்னும்தான் நீளும். அந்த நீளம்தான் வண்டியை மணல்மேலேயே வைத்திருக்கும். காற்றை இறக்கினபிறகு முப்பது நாற்பதுக்குமேல் வேகம் வேண்டாம், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம். தார் ரோடு ஏறியதும் முதல் வேலை திரும்பக் காற்று அடிப்பது. 15 காற்றோடு தார் ரோட்டில் விரட்டினால் பக்கவாட்டுச் சுவர் சூடேறி உள்ளேயே பிய்ந்துவிடும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் டியூப் மோசமாக மாட்டிக்கொள்கிறது. காற்று குறைந்தால் டயர் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் பிடி தளரும். வண்டி இழுக்கும்போது டிஸ்க் கொஞ்சம் சுற்றும், டயர் சுற்றாது. டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் அதன் வால்வு டிஸ்க்கின் துவாரத்தில் மாட்டியிருக்கிறதே, அது இழுபடும். முதலில் வால்வு சாய்ந்து நிற்கும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வால்வு அடியோடு கிழியும், அந்த இடத்தில் ஒட்டுப்போட முடியாது, டியூபையே தூக்கிப்போட வேண்டியதுதான். இப்போது உங்கள் ஜீப்பின் நாலு வால்வையும் குனிந்து பாருங்கள். ஏதாவது ஒன்று நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் காற்றை முழுக்க இறக்கி டயரைத் திருப்பி உட்காரவைக்கச் சொல்லுங்கள். குறைந்த காற்றில் டியூபும் டயரும் ஒன்றோடொன்று உரசிச் சூடாவது வேறு. அதற்குத்தான் மாட்டும்போது உள்ளே பவுடர் தூவுவது. பவுடர் போடாத கடையில் டியூப் மாற்றாதீர்கள்.

டியூப்லெஸ் 15, 16 வரை தைரியமாகத் தாங்கும். அதற்கும் கீழே போனால் அதற்கும் ஒரு கண்டம் உண்டு: மணலில் பக்கவாட்டாகச் சறுக்கும்போதோ வண்டியை வெட்டித் திருப்பும்போதோ பீடு டிஸ்க்கை விட்டு இறங்கிவிடும். ஒரே விநாடியில் மொத்தக் காற்றும் போகும், இடையில் மணல் வேறு புகுந்துகொள்ளும். இதைக் கைப்பம்பால் திரும்ப ஏற்ற முடியாது, அடிக்க அடிக்க ஓரம் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, பீடும் டிஸ்க் ஓரமும் சேரும் இடத்தில் மணலைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயரின் நடுவில் சுற்றிலும் சரக்குக் கட்டுகிற ராட்செட் பெல்ட்டைப் போட்டு இறுக்கினால் பீடு இரண்டு பக்கமும் விரிந்து டிஸ்க்கைத் தொடும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரைப் போட்டால் காற்று சீக்கிரம் உள்ளே போகும். டப் என்று ஒரு சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், பிறகு பின்னை மாட்டி வேண்டிய காற்றை வைத்துக்கொள்ளலாம். பெட்ரோலை உள்ளே ஊற்றித் தீ வைத்து வெடிக்கச்செய்து பீடை ஏற்றுகிற வீடியோக்கள் சுற்றுகின்றன, பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். சுற்றிலும் காய்ந்த பனை ஓலையும் முள்ளும் கிடக்கிற காட்டில் அது தன்னைமட்டும் கொளுத்திக்கொள்கிற வேலை இல்லை.

மணலிலும் நேரம் காலம் உண்டு. விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்போது இறுகலாக இருக்கிற அதே தடம் மத்தியானம் பொலபொலவென்று ஆகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு தேரியில் சாதாரண காரே போகும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும்போது நேற்றுப் போன தடமே இன்று இருக்காது. அந்த மாதங்களில்தான் 15 தேவைப்படும், மற்ற நாளில் 18 போதும்.

உவரி, இடிந்தகரைக் கடற்கரை மணலைப் பற்றி நான் சொல்லவில்லை, அங்கே வண்டியை இறக்கவே வேண்டாம். உப்பு டிஸ்க்கைத் தின்றுவிடும் என்பது ஒருபுறம், தை மாசியில் ஆமைகள் முட்டையிடுகிற கரை அது.

கரிசல் பக்கம், கோவில்பட்டி சங்கரன்கோவில் போகிற வழியில் தோட்டம் உள்ளவர்களுக்கு ஒரு வரி: மழை பெய்த கரிசலில் இந்த விவாதமே வீண். டயரின் பள்ளமெல்லாம் களி அப்பிக்கொண்டால் சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயரும் வழுக்கை டயரும் ஒன்றுதான், காயும்வரை வீட்டில் இருங்கள்.

இனி எதை வாங்குவது. இப்போது இருக்கும் 16 அங்குல டிஸ்க்கிலேயே டியூப் இல்லாமல் டியூப்லெஸ் டயரை மாட்டிவிடலாம், சிலிகான் போட்டு ஓரத்தை அடைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். பழைய ஜீப் டிஸ்க்கில் நான் முன்னே சொன்ன மேடு இருக்காது. 28 காற்றில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஓடும். மணலுக்கு 15 இறக்கிவிட்டு ஒரு திருப்பம் திருப்பினால் பீடு உள்ளே சரியும். நமக்கு வேண்டியது காற்றை இறக்கி ஓட்டுவதற்கு. அதனால் மேடுள்ள 15 அங்குல இரும்பு டிஸ்க் ஐந்து வாங்குங்கள். ஐந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன், நாலு டியூப்லெஸ்ஸும் ஸ்டெப்னியில் பழைய 16 அங்குலமும் வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் கொஞ்சம் உயரம் மாறினாலும் கியர் பெட்டியில் இருந்து அச்சுவரை எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

பழைய ஜீப்புக்கு ஐந்து நட்டு, ஐந்தரை அங்குல வட்டம், அதாவது 139.7 மில்லிமீட்டர். அந்த வட்டத்துக்குப் பொருந்தும் டிஸ்க் கிடைப்பது கஷ்டம் இல்லை. ஆனால் நடுத்துவாரமும், டிஸ்க் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். காசு கொடுப்பதற்கு முன்னால் முன்சக்கரத்தில் ஒன்றை மாட்டி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், பட்டையிலோ ஸ்பிரிங்கிலோ உரசக் கூடாது. டயர் அளவுக்கு 235/75 ஆர்15 பாருங்கள். கணக்குப் போட்டால் குறுக்களவு சுமார் 733 மில்லிமீட்டர் வரும், பழைய 6.00-16 உயரத்துக்கு ஏறக்குறைய சமம், ஸ்பீடோமீட்டரும் கியரும் குழம்பாது. மணலுக்கு ஆல் டெரைன் போதும். ஆழமாகக் கட்டைக்கட்டையாக இருக்கிற மட் டெரைன் பார்க்க மிடுக்காக இருக்கும், தேரியில் குழிதான் தோண்டும். டயரின் பக்கவாட்டில் டியூப்லெஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், சில டயர்களில் சுருக்கமாக டி.எல். என்று இருக்கும், டி.டி. என்றிருந்தால் டியூப் வகை. வால்வு மட்டும் ரப்பர் வால்வு வேண்டாம், நட்டு போட்டு இறுக்குகிற உலோக வால்வாகக் கேளுங்கள். தேரித் தடத்தில் கருக்கு மட்டையும் வேர்க்கட்டையும் அடித்து ரப்பர் வால்வைப் பிய்த்துவிடும்.

வண்டியில் எப்போதும் இருக்கவேண்டியது: பஞ்சர் கிட், அதில் நாலு ஸ்ட்ரிப் அல்ல, இருபதாவது. மூக்கு நீண்ட பிளையர். பேட்டரியில் நேராக மாட்டுகிற கம்ப்ரஸர், சிகரெட் லைட்டரில் மாட்டுகிற பொம்மை அல்ல, அது நாலு டயருக்கு அடிப்பதற்குள் ஃபியூஸ் போய்விடும். ராட்செட் பெல்ட், பலகை, மண்வெட்டி. காற்று பார்க்கிற கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள், கடைக்குக் கடை மீட்டர் ஒவ்வொன்று காட்டும். முள் குத்தினால் எல்லாவற்றையும் உடனே பிடுங்கவேண்டும் என்று இல்லை. காற்று போகிறதா என்று எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பாருங்கள், போகாவிட்டால் விட்டுவிடுங்கள். போகிறதைப் பிடுங்கும்போது எந்தச் சாய்வில் குத்தியிருக்கிறதோ அதே சாய்வில் ஊசியைக் குடையுங்கள், நேராகக் குடைந்தால் உள்ளே இன்னொரு ஓட்டை போட்டதுபோல் ஆகும், ஸ்ட்ரிப்பும் நிற்காது. ஓட்டை பெரிதாக இருந்தால் ஸ்ட்ரிப்பை நம்பாதீர்கள், ஊருக்கு வந்து உள்பக்கமாகக் காளான் பேட்ச் (காளான் மாதிரி தண்டோடு இருக்கிற ஒட்டு) போட முடியுமா என்று கடையில் காட்டுங்கள்.

உள்ளே ஊற்றுகிற சீலன்ட் திரவம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். முள்ளுக்கு அது வேலை செய்யும், மறுக்கவில்லை. சின்னச்சின்னதாகப் பத்து ஓட்டை விழுந்த டியூப்லெஸ்ஸுக்கு நல்ல மருந்து. ஆனால் நாளாக ஆகக் காய்ந்து கட்டியாகும், வால்வை அடைக்கும், கேஜ் வைத்தால் கேஜும் அடைபடும், பிறகு உள்ளே ஒட்டுப்போட வருகிற கடைக்காரர் அதை வழித்துத் துடைத்தபடி உங்கள் பரம்பரையையே நினைப்பார். டியூபுக்குள் ஊற்றுவது அவ்வளவாகப் பயன் தராது, டியூப் இழுபட்டு நிற்பதால் ஓட்டை விரியத்தான் பார்க்கும்.

டியூப்லெஸ் டயர் பக்கவாட்டில் கிழிந்து, ஸ்டெப்னியும் ஏற்கெனவே போயிருந்தால்? அப்போது உள்ளே டியூப் போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. டிஸ்க்கில் இருக்கிற வால்வைக் கழற்றிவிட்டு, டயருக்குள் இருக்கிற முள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு (இதுதான் நேரம் எடுக்கும், இத்தனை நாள் அடைப்பாக நின்ற முள் எல்லாம் இப்போது டியூபின் எமன்), கிழிசலுக்கு அண்டக்கொடுத்து, டியூபை வைத்து மெதுவாக வீடு வரலாம். சில டியூப்லெஸ் டயர்களின் உள்பக்கம் வரிவரியாக இருக்கும், அது டியூபை உரசும், சூடும் அதிகம். அதனால் இது வீடு வந்து சேர்வதற்கு மட்டும், வருஷக்கணக்கில் ஓட்டுவதற்கு இல்லை.

ஜீப்பை விட்டுவிட்டுப் புது கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குப் போகிறபோக்கில் ஒன்று: 2020இல் விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் காற்றழுத்தம் காட்டுகிற கருவியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் தரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஷோரூமில் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பைக்குக்கு வருவோம். எக்ஸ்பல்ஸ் 200இல் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18, இரண்டும் ஸ்போக் சக்கரம். ஸ்போக் ஒவ்வொன்றும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிப்பிள் என்கிற சின்ன நட்டில் முடிகிறது, அத்தனை துளை இருக்கும்போது காற்று எங்கே நிற்கும்? அதனால்தான் டியூப். நிப்பிள்களின்மேல் எம்சீல், சிலிகான், டேப் என்று அடைத்து டியூப்லெஸ் ஆக்கிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்சக்கரத்தில் சில பேருக்கு நன்றாகவே ஓடுகிறது. முன்சக்கரத்தில் செய்யாதீர்கள். பீடைத் தாங்குகிற மேடு டியூப் வகை ரிம்களில் இருப்பதில்லை, முன்சக்கரத்தில் காற்று திடீரென்று போனால் ஜீப்பைப்போல நின்று யோசிக்க நேரம் கிடைக்காது, விழவேண்டியதுதான். ஸ்போக்கை இறுக்கவேண்டி வந்தால் அடைப்பு வேறு விட்டுப்போகும். கம்பெனியே டியூப்லெஸ்ஸுக்கென்று வேறுவிதமாக ஸ்போக் கோத்த சக்கரங்கள் தனி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450க்கு 2024இல் இருந்து அப்படி வருகிறது. உங்கள் பைக்கில் அது இல்லை.

அதனால் பைக்கில் டியூப் இருக்கட்டும், தடிமன் டியூபாக மாற்றுங்கள். காற்றை ரொம்ப இறக்காதீர்கள், முன்னால் 20க்குக் கீழே போனால் வேரிலோ கல்லிலோ ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் கடிபட்டு, பாம்பு கொத்தினதுபோல் இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் விழும். ஒட்டுப்போடும்போது ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள், இரண்டையும் தேடச் சொல்லுங்கள். 21 அங்குல டியூப் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்காது, திருநெல்வேலிக்கோ பாளையங்கோட்டைக்கோ போகும்போது இரண்டு வாங்கி ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். அவசரத்துக்கு அந்த 21ஐ 18 அங்குலப் பின்சக்கரத்திலும் திணித்து வீடு வரலாம். 18ஐ முன்னால் போடமுடியாது.

கடைசியாக ஒன்று, ஜீப்பில் அவசரத்துக்கு வைக்கிற டியூப். பழைய டியூப்கள்தான் கிடக்கிறதே என்று அதில் ஒன்றைச் சுருட்டி ஜீப்பில் போட்டுவிடாதீர்கள். அது 16 அங்குலம், ஒல்லி டயருக்கானது, புது 235 டயருக்குள் போட்டால் மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே கிழியும். 15 அங்குல ரேடியல் டியூப் ஒன்று தனியாக வாங்குங்கள். பழைய டயரும் டியூபும் நல்ல நிலையில் இருந்தால் டிராக்டர் வைத்திருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், முன்சக்கரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், புது டிஸ்க் செலவில் கொஞ்சம் குறையும்.